வாடகைக்கு வந்த பிள்ளைகள்

அங்கன்வாடியில் ஆயாவாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்ல யாராவது வருவார்கள், சால்வைகூடப் போடுவார்கள். நான் அதற்காக வரவில்லை. நீங்கள் சீக்கிரமே செய்யப்போகும் ஒரு தப்பை உங்களுக்கு முன்னாலேயே செய்து முடித்தவள் என்ற தகுதியில் பேசுகிறேன். வேறு தகுதி எனக்குக் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது.

சோறு எப்படி வடிப்பது, சத்துமாவை எப்படி உருட்டுவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு மாதத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். வெளியாள் ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் கற்றுத் தருவதில்லை. எனக்குக் கற்றுத் தந்தார்கள். தப்பாகக் கற்றுத் தந்தார்கள்.

எனக்கு முன்னால் எங்கள் அங்கன்வாடி சென்டரில் இருந்த ஆயா, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "ஜீப்பு சத்தம் கேட்டா மொதல்ல பவுடர் டப்பாவ எடு. அப்புறம்தான் கரண்டி." அவள் கெட்டவள் இல்லை. மூக்கு ஒழுகுகிற பிள்ளையை ஆபீசர் பார்த்தால் மெமோ வரும். வயிறு ஒட்டிய பிள்ளையைப் பார்த்தால், "சாமான் எல்லாம் எங்க போவுது?" என்று கேட்பார்கள். அந்த சாமான் மூன்று வாரம் தாமதமாக வந்ததை யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் ஜீப் வந்தால் முகம் கழுவி, பவுடர் பூசி, மை வைத்து உட்காரவைத்துவிடுவோம். எங்கள் சென்டரில் பருப்பு இல்லாத நாள் இருந்திருக்கிறது, பவுடர் இல்லாத நாள் இருந்ததே இல்லை.

இருபது வருடம் இப்படியே ஓடியது. பிறகு சுனாமி வந்தது.

மரக்காணத்தில் எங்களுடையது உப்பளத்து ஆட்கள் இருக்கும் காலனி. கடல் எங்கள் குடிசைக்குள் வரவில்லை, உப்புப் பாத்திக்குள் வந்தது. வரப்பெல்லாம் கரைந்து, பாத்தி எது, ஓடை எது என்று தெரியாமல் போய்விட்டது. பாத்தி இல்லையென்றால் கூலி இல்லை. மீன்பிடிக் குப்பங்களுக்குத்தான் முதலில் எல்லாம் போனது. கொஞ்சம் தாமதமாக எங்களையும் நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தருவதற்கு மேல் இன்னொரு பங்கு சத்துமாவு, வாரத்துக்கு ஒருநாள் டாக்டரோடு ஒரு வேன். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானில் தனத்தின் பிள்ளை ராசாத்தி இருந்தாள்.

தனம் உப்பளத்தில் வேலை செய்பவள். புருஷன் கட்டட வேலைக்குப் போய்ப் பல மாதம் ஆகியும் திரும்பவில்லை. ராசாத்திக்கு மூன்று வயது. தூக்கினால் துணி மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருக்கும். சாயங்காலமானால் காய்ச்சல் வரும், இருமுவாள். வேனில் வந்த டாக்டர் பார்த்து, பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது பிள்ளைகளுக்கு வருகிற டி.பி. என்றார். "ஆறு மாசம் மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது. மாத்திரைக்குச் சமமா சாப்பாடும் உள்ள போகணும்" என்று என்னிடம்தான் சொன்னார். தனத்துக்கு வேலை விட்டு வர முடியாது. கார்த்திகையில் ஆரம்பித்தோம்; மாத்திரை வாராவாரம் அந்த வேனில்தான் வரும்.

மார்கழியில் உத்தரவு வந்துவிட்டது. எங்கள் பகுதி தேறிவிட்டதாம். தை பாதிக்கு மேல் கூடுதல் மாவும் கிடையாது, வேனும் கிடையாது. தேறியது என்று எதைப் பார்த்துச் சொன்னார்கள் தெரியுமா? நாங்கள் பவுடர் பூசி உட்காரவைத்த பிள்ளைகளைப் பார்த்து. ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு எம்.எல்.ஏ. இதை எதிர்த்துச் சட்டசபையில் பேசிக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி, என்ன பெயர் என்று என்னிடம் கேட்காதீர்கள். பாவம், இனிமேலாவது அவர் நிம்மதியாக இருக்கட்டும். அவர் எழுந்து, "சோத்தையும் மருந்தையும் நிறுத்தாதீங்க" என்று கேட்கும்போதெல்லாம், "எல்லாக் குழந்தைகளும் நலமாக உள்ளன" என்று ஒரே பதிலைப் படித்தார்களாம். கடைசியில் அவர், நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். இரண்டாயிரத்து ஆறு, தை மாதம். அவர் பார்க்க வந்த சென்டர் எங்களுடையது.

முந்தின நாள் மத்தியானம் டீச்சர் ஓடிவந்தாள். சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஆயா, நாளைக்கு எம்.எல்.ஏ. வர்றாராம். பெரிய ஆபீசரும் கூட வர்றாரு. சென்டர் பளிச்சுனு இருக்கணும்னு சொல்லிட்டாங்க. இப்ப என்ன பண்றது?"

"பயப்படாத. நான் பாத்துக்கறேன். எம்.எல்.ஏ. என்ன, மினிஸ்டரே வந்தாலும் நம்ம புள்ளைங்க சினிமாப் புள்ளைங்க மாதிரி இருக்கும்."

சொன்னபடி செய்தேன். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம். காலனியில் எலும்பும் தோலுமாக இருந்த எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தேன். அந்த எட்டையும் விடியற்காலையிலேயே உப்பளத்தில் மூட்டை அடுக்கும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன். தாய்மார்கள் பக்கத்துப் பாத்தியில்தான் வேலை செய்வார்கள். அந்த இடத்தில் உட்கார வேறு எட்டுப் பிள்ளைகள் வேண்டுமே. முந்தின சாயங்காலமே, மாடு கன்று வைத்திருக்கிற உள்ளூர் விவசாய வீடுகளில் ஏழு கிடைத்தது. எட்டாவதற்குப் பக்கத்து ஊரான கூனிமேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவர் மகனும் மருமகளும் துபாயில். பேரன் ஆசிப் தாத்தாவிடம் இருந்தான். பூசணிக்காய்க்குக் கால்சட்டை போட்ட மாதிரி இருப்பான்.

"எம்பேரன எதுக்குங்க ஆயா?"

"எம்.எல்.ஏ. வர்றாரு பாய். போட்டோ புடிப்பாங்க."

"பேப்பர்ல வருமா?"

"வராம?"

"இன்ஷா அல்லா. புது ஷூ போட்டு அனுப்பறேன்."

எல்லா வீட்டிலும் சுலபமாக முடிந்தது. தனம் மட்டும்தான் கேட்டாள். விடியற்காலை இருட்டோடு ராசாத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டாள்.

"எம்புள்ளைய ஏன் ஆயா ஒளிக்கச் சொல்ற? அவுரு பாக்கத்தான வர்றாரு?"

"பாக்க வர்றவங்களுக்கு நல்லதத்தான்டி காட்டணும். ஒன்னப் பொண்ணு பாக்க வந்தப்போ சொத்தப் பல்லையா காட்டின?"

மற்றவர்கள் சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு வரப்பில் நடந்தாள். நான் நல்ல ஜோக் அடித்த சந்தோஷத்தில் பவுடர் டப்பாவைத் திறந்தேன்.

பத்து மணிக்கு இரண்டு கார் வந்தது. எம்.எல்.ஏ. வயசான மனுஷர். முட்டி வலிபோல, காரிலிருந்து இறங்கவே இரண்டு தடவை முயற்சி செய்தார். பின்னாலேயே ஆபீசர், கையில் ஃபைலோடு. அவருக்குப் பின்னால் ஒரு போட்டோக்காரர்.

உள்ளே வந்த எம்.எல்.ஏ. வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். எண்ணெய் தலை, பவுடர் முகம், தீபாவளிச் சட்டை. ஆசிப் எழுந்து, நடந்தால் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும் ஷூவோடு நேராக அவரிடம் போய், "தாத்தா, தூக்கு" என்றான். அவர் தூக்கினார். தூக்கியவருக்கு மூச்சு வாங்கியது. போட்டோக்காரர் பளிச் பளிச்சென்று எடுத்தார்.

ஆபீசர் மெதுவாகச் சொன்னார். "பாருங்க சார். ஒரு கொழந்தையாவது சோந்துபோய் இருக்குதா? நாங்க எழுதினது பொய்யில்லைங்க."

எம்.எல்.ஏ. ஆசிப்பைக் கீழே விட்டுவிட்டு, நாங்கள் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மோர் கொண்டுபோனேன். டம்ளரை வாங்கியவர் குடிக்கவில்லை. தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

"அப்ப நாலு தடவையும் நான்தான் பொய் பேசியிருக்கேன் போல."

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். அந்த நிமிஷம் வரைக்கும், வந்த மனுஷர் எதற்கு வந்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. கார் வந்தது, ஆபீசர் வந்தார், பவுடர் பூசினேன். பிடுங்க வருகிறவருக்கும், பிடுங்காதே என்று சண்டை போட வருகிறவருக்கும் ஒரே முகத்தைக் காட்டியிருக்கிறேன். சண்டை போட வந்தவர் கையில் இருந்த ஒரே ஆயுதத்தைப் பிடுங்கி, கொட்டகையில் ஒளித்துவைத்துவிட்டு, மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வாயைத் திறக்கலாம் என்றால், பின்னால் டீச்சர் என் இடுப்பில் கிள்ளுகிறாள். "ஆயா, வேணாம் ஆயா" என்கிறாள், உதடு அசையாமல். சொன்னால் அவள் வேலையும் போகும், என் வேலையும் போகும். என் வீட்டில் அப்போது மகளும் அவள் பிள்ளைகளும் என்னோடுதான் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டால் எல்லோரும் மோர் குடித்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். அடுத்த வாரம் வேன் வராது. ராசாத்திக்கு மாத்திரை பாதிகூட முடியவில்லை.

அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஐயா," என்றேன், "இந்த நாற்காலி பந்தல் கடையில வாடகைக்கு எடுத்தது."

"சரிம்மா."

"புள்ளைங்களும் அப்டித்தான்."

ஆபீசர் புரட்டிக்கொண்டிருந்த ஃபைல் அப்படியே நின்றது. எம்.எல்.ஏ. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்ற?"

"எட்டுப் புள்ளைங்க எங்களுது இல்லைங்க. இந்தக் குண்டுப் பையன் கூனிமேட்டுப் பாயோட பேரன். அவனுக்கு சத்துமாவு குடுத்தா அவங்க ஆட்டுக்குப் போட்டுடுவாங்க. எங்க புள்ளைங்க வேற எடத்துல இருக்குது."

"எங்க?"

"நடக்க முடியுங்களா?"

நடந்தார். வரப்பு ஒரு ஆள் போகிற அகலம்தான். மழைத் தண்ணீர் வடிந்து, பாத்திகளைச் சேறாக்கி மிதித்துக் கெட்டிப்படுத்துகிற சமயம். ஆம்பளை பொம்பளை எல்லோரும் முழங்கால் வரை சேற்றோடு வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாதி வழியில் அவர் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. "வுடு" என்று இன்னொன்றையும் கழற்றிவிட்டார். ஆபீசருக்கு ஷூவைக் கழற்ற மனசில்லை. அவர் வந்து சேர்வதற்குள் நாங்கள் கொட்டகைக்குள் போய்விட்டோம்.

எட்டும் காலி கோணிகள்மேல் சுருண்டு கிடந்தன. யாரும் பவுடர் பூசியிருக்கவில்லை. எம்.எல்.ஏ. குனிந்து ராசாத்தியைத் தூக்கினார். ஆசிப்பைத் தூக்கிய பழக்கத்தில் பலமாகத் தூக்கிவிட்டார்போல, பிள்ளை சட்டென்று அவர் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. அவர் பயந்துபோனார்.

தனம் சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஒம்புள்ளையாம்மா?"

"ஆமாங்க."

"ஏன் சென்டருக்கு அனுப்பல?"

தனம் என்னைப் பார்க்கவில்லை. "பாக்க அசிங்கமா இருக்கும்னு வேணான்னுட்டாங்க."

நான் அசிங்கம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் காலையில் நான் சொன்னதற்கு வேறு என்ன அர்த்தம்?

ஆபீசர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "சார், இது பெரிய குத்தம். வெளிப் பசங்கள வச்சி ஆள் கணக்கு காட்டியிருக்காங்க. நான் ரிப்போர்ட் பண்ணாம இருக்க முடியாது."

"பண்ணுங்க. யாருக்குப் பயந்து காட்டினாங்கன்னும் சேத்து எழுதுங்க" என்றார் எம்.எல்.ஏ. பிறகு ராசாத்தியைத் தாயிடம் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இங்க வா. நான் இத சபையில பேசுவேன். பேசின ஒடனே அவங்க இந்த வாடகைக் கதைய எடுத்து வெளிய வுடுவாங்க. ஒன் வேலை போவும். காப்பாத்தறேன்னு நான் சொல்ல மாட்டேன், என்னால முடியாது. பேசாம இருந்தா ஒனக்கு ஒரு மெமோவோட போவும். பேசட்டுமா, வேணாமா?"

ஊரில் யாரும் என்னைப் பேச்சில் மடக்கியதில்லை. அன்று எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. வெளியே பாத்தி மிதிக்கிற சத்தம் மறுபடி ஆரம்பித்திருந்தது. தனம் மட்டும் போகாமல் நின்றாள்.

"பேசுங்கய்யா," என்றேன். "டீச்சருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. புள்ளைங்கள மாத்தினது நானு."

எங்கள் பின்னாலேயே வந்திருந்த டீச்சர் வாயைத் திறந்தாள். மூன்றாவது உருண்டை கேட்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை ஒன்று என்னிடம் உண்டு. அந்தப் பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

அவர் பேசினார். என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. பேப்பரில் நாலு வரி வந்தது. கூடவே போட்டோவும் வந்தது. எந்தப் போட்டோ என்கிறீர்கள்? எம்.எல்.ஏ. ஆசிப்பைத் தூக்கி வைத்திருக்கிற போட்டோ. கீழே, "உப்பளத் தொழிலாளியின் குழந்தையுடன்" என்று போட்டிருந்தார்கள். பாய் அதை வெட்டிக் கடையில் ஒட்டினார். "எம்மவன் உப்பளத் தொழிலாளியாம் ஆயா! துபாய்ல அவன் கேட்டா மயக்கம் போட்டுடுவான்" என்றார்.

அந்த நாலு வரியில், உத்தரவை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றும் இருந்தது. மறு செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. அதே வாரம் எனக்கு சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. இரண்டும் ஒரே ரோட்டில்தான் வந்தன.

சும்மா வீட்டில் உட்கார முடியாதே. உப்பளத்துக்குப் போனேன். தனம் வேலை செய்த பாத்தியிலேயே என்னையும் விட்டார்கள். முதல் பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள், நான் மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆயா, பாத்திய மிதிக்கச் சொன்னா கோலம் போட்டுக்கினு இருக்க" என்றாள். அதற்கு மேல் அவளிடம் மன்னிப்பு என்று நான் தனியாகக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். உப்பும் வெயிலும் சேர்ந்து குதிகால் வெடித்துவிட்டால் மனுஷிக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது.

தேர்தல் வந்தது. அந்த எம்.எல்.ஏ. தோற்றார். அவர் வந்து நடந்த வரப்பு வழியாகவே வேறு ஆட்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் காலனியில் எல்லோரும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள். என் ஓட்டுக்கு மட்டும்தான் நான் பதில் சொல்ல முடியும். வைகாசியில் ராசாத்திக்குக் கடைசி மாத்திரை. அது வரைக்கும் வேன் ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை.

ஆடியில் என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேறு யாரும் அந்த இடத்துக்கு வரமாட்டேன் என்றதால் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் நிஜம். நான் திருந்திவிட்டேன் என்று ஃபைலில் எழுதியிருப்பார்கள். முதல் நாளே எடை போடுகிற நாள். கொக்கித் தராசை உத்தரத்தில் மாட்டி, துணிப் பையைத் தொங்கவிட்டேன். டீச்சர் நோட்டோடு உட்கார்ந்தாள். அன்று பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

ராசாத்தி முறை வந்தது. பையைப் பார்த்ததும் ஓடினாள். பிடித்தேன். தூக்கிப் பைக்குள் காலை நுழைக்கப் போனால், "வுடு, வுடு, போ!" என்று கத்திக்கொண்டே என் அடிவயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பதறி ஓடிவந்தாள். நான் வலியில் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்குத் தெரியவில்லை. போன வருடம் அந்தக் காலில் ஒரு ஈயை விரட்டவும் தெம்பு இருந்ததில்லை. "எடையே போட வேணாம், எழுதிக்க" என்றேன். டீச்சர் கேட்கவில்லை. அவள் இப்போது சரியான டீச்சர் ஆகிவிட்டிருந்தாள். பிடித்துப் போட்டுத்தான் எழுதினாள்.

அதற்குள் தள்ளிவைத்த ஆறு மாதம் முடிந்துபோயிருந்தது. கூடுதல் மாவு நின்றுவிட்டது. வேன் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுந்து சட்டசபையில் கேட்கவும் அந்த மனுஷர் அங்கே இல்லை.

வரிசையில் அடுத்து ஒரு புதுப் பையன் நின்றான். அந்த மாதம்தான் உப்பளத்துக்குப் பிழைக்க வந்த குடும்பம். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். பைக்குள் ஒரு காலை நுழைத்தேன், இன்னொரு காலையும் நுழைத்தேன்.

அவன் உதைக்கவில்லை.